ஒட்டுப்பால்

சுமித்ரா மிஸி வெட்டிவிடும் தொப்புள்கொடி நாலு விரற்கடை நீளம் இருக்கும். தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த அந்த இறப்பர் தோட்டத்தில் இரண்டு வருஷமாகப் பிறந்த பிள்ளைகளெல்லாம் வயிற்றில் ஒரு வாலோடுதான் கிடந்தன. அதற்கு முன்பு ஒரு விரற்கடைதான் வழக்கம். நீட்டி விட்டால் தொப்புள் துருத்திக்கொள்ளும், வளர்ந்த பிறகும் உள்ளே போகாது என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் நம்பினார்கள். மிஸிக்கு வயதாகிறது, கண் அளவு தப்புகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். தோட்டத்து மருத்துவிச்சியான அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருநாள் இராஜம் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டாள். இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களில் கை வேகமானவள் இராஜம். வாய் அதைவிட வேகம்.

"என்னாங்க மிஸி, புள்ளைய முளையில கட்டிப்போடவா இம்புட்டு கயிறு விட்டிருக்கீங்க?"

குடங்களுக்கு நடுவே சிரிப்பு கிளம்பியது. சுமித்ராவும் சிரித்தாள். பதில் சொல்லவில்லை. பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். ஒன்பது வருஷமாகியும் இந்தத் தோட்டத்தில் அவள் அதிகம் பேசிப் பழகவில்லை. கேட்டதற்குப் பதில், தேவையானதற்கு ஒரு வார்த்தை, மற்றபடி மௌனம். அது அவளுடைய சுபாவம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அது சுபாவம் மட்டும் அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

கொடியை நீட்டி விடுவதற்கான காரணம் இராஜத்தின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

தொண்ணூற்றாறில் இராஜத்தின் தம்பி யோகராஜின் மனைவி ஷாமிளாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. வலி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் துவண்ட உடம்போடு வந்தான். பக்கத்தில் நின்ற இராஜம் ஒட்ட வெட்டுங்க, ஒட்ட வெட்டுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுமித்ரா வழக்கப்படி ஒரு விரற்கடை விட்டு, அடியோடு நூலை இறுக்கிக் கட்டி வெட்டினாள். முகத்தில் இறப்பர் மூச்சுப்பையை வைத்து அமுக்கி மூச்சுக் கொடுத்தபடியே கீழே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டரும் தாதியும் பிள்ளையின் கையிலும் காலிலும் தலையிலும் நரம்பு தேடினார்கள். மருந்து ஏற்ற ஒரு நரம்பு போதும். இரத்த ஓட்டம் தளர்ந்த உடம்பில் அவை எல்லாம் ஒளிந்துகொண்டிருந்தன. டாக்டர் கடைசியாகத் தொப்புளைப் பார்த்தார். பிடிக்க ஒன்றும் இல்லை, ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. அதை அவிழ்த்து, கீறி, தேடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை போய்விட்டான்.

கையுறையைக் கழற்றும்போது, யார்மீதும் குற்றம் சுமத்தாத குரலில், இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் என்று அந்த டாக்டர் சிங்களத்தில் சொன்னார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. சுமித்ரா அதைத் தினமும் முடித்துப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய் அவரையே கேட்டாள். அவர் மருந்துச் சீட்டுத் துண்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். பெரிய வட்டம் ஒன்று, அது கொடி. அதற்குள் இரண்டு சின்ன வட்டங்கள், தடித்த கோட்டில். மூன்றாவது வட்டம் பெரியது, மெல்லிய கோட்டில். அந்தப் பெரிய குழாய் நேரே உள்ளே போகிறது, பிறந்த சில நாட்களுக்கு அதன் வழி திறந்திருக்கும் என்றார். உடம்பில் எந்த நரம்பும் கிடைக்காத பிள்ளைக்கு அதில் குழாய் விட்டு ஒரு நிமிஷத்தில் மருந்து ஏற்றலாம். கொடி காய்ந்துவிட்டால் கஷ்டம். ஆகவே நாலு விரல் விடுங்கள், அவசரத்துக்கு அனுப்பும் பிள்ளையென்றால் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதில் சுற்றி அனுப்புங்கள் என்றார். அப்புறம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தத் துண்டு சுமித்ராவின் பைக்குள் மடிந்து கிடந்தது.

அன்றிலிருந்து நாலு விரற்கடை. ஏன் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. நாலு விரலின் காரணத்தைச் சொன்னால் அந்த ஒரு விரலையும் சொல்லவேண்டி வரும். ஷாமிளா மறுபடியும் உண்டான பிறகு அவளுடைய லயக் காம்பராவுக்குப் போகும் நாட்களில் சுமித்ரா எடை பார்ப்பாள், வயிறு பார்ப்பாள், பிறகு பாயின் ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஷாமிளாவும் பேசமாட்டாள். மிஸி ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். பிளேன்டீ ஆறியதும் சுமித்ரா எழுந்து போய்விடுவாள்.

தொண்ணூற்றெட்டு ஆனி மாதம். ஷாமிளாவின் இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த திங்களே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இருத்திவிடுவது என்று சுமித்ரா முடிவு செய்திருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இராஜம் இடுப்பில் பால் வெட்டும் கத்தியோடு டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தாள். ஷாமிளாவுக்கு இரத்தம் போகிறது என்றாள்.

சுமித்ரா போய்ச் சேரும்போது பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. யோகராஜைப் பால் ஸ்டோருக்கு அனுப்பி லொறியைக் கேட்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் பிள்ளை அவள் கைக்கு வந்தது. பெண். நீலமாக இருக்கவில்லை, வெளுத்திருந்தது. சுமித்ராவுக்கு அந்த வெள்ளை பிடிக்கவில்லை. நீலமென்றால் மூச்சு, வெள்ளையென்றால் இரத்தம். தாயிடமிருந்து போன இரத்தத்தில் பிள்ளையுடையதும் போயிருந்தது. மூச்சுப்பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தாள். பிள்ளை முனகியது, பிறகு தானாக மூச்சு விட்டது. ஆனால் நெஞ்சு எண்ண முடியாத வேகத்தில் அடித்தது, கைகால் சில்லென்றிருந்தது. இந்த உடம்பில் யாருக்கும் நரம்பு கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாலு விரலும் போதாதென்று ஐந்து விரல் விட்டு, நுனியில் கட்டி வெட்டினாள். சேலைன் போத்தலைத் திறந்து துணியை நனைத்துக் கொடியில் சுற்றினாள்.

"ஈரத்துல வச்சா அழுகிப் போயிருங்க மிஸி. காயணும்னு நீங்கதான சொல்லுவீங்க," என்றாள் இராஜம்.

அது உண்மைதான். ஒன்பது வருஷமாக வீடுவீடாக அவள் சொன்ன ஒரே பாடம் அதுதான். தண்ணீர் படக்கூடாது, சாம்பல் வைக்கக்கூடாது, காய விடுங்கள்.

"இன்னைக்கி நனைஞ்சே இருக்கட்டும்," என்றாள் சுமித்ரா. ஏன் என்று சொல்லவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லொறி கீழ்ப்பாதையில் நின்றது. காலையில் சேர்த்த பால் கேன்களில் பாதி ஏறியிருந்தன. ஓட்டுகிறவர் புவாட், தெஹியோவிட்ட பஜார்க்காரர். கேன்களை இறக்கட்டுமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் வேண்டாம் ஏறுங்க என்று அவரே சொல்லிவிட்டார். பால் கட்டிப்போனால் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா கத்துவார், கத்திவிட்டுப் போகட்டும் என்றார். ஷாமிளாவை லொறியின் பின்தட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். யோகராஜ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை இராஜத்தின் நெஞ்சோடு, சேலைக்குள். கேன்கள் ஒன்றோடொன்று இடித்தன. பாலில் கலந்த அமோனியா வாடையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. ஷாமிளா பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சுமித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுமித்ரா அந்தப் பார்வையைத் தவிர்த்துத் துணியை மறுபடியும் நனைத்தாள்.

மெயின் ரோட்டில் ஏறியதும் சோதனைச் சாவடியில் லொறியை நிறுத்தினார்கள். போர் நடந்த அந்த வருஷங்களில் அது வழக்கம். தட்டில் ஆட்களை ஏற்றிய லொறி, அதுவும் தமிழ் ஆட்கள். சுமித்ரா அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். சிப்பாய் இளவயதுக்காரன். தட்டில் ஏறி எட்டிப் பார்த்தான், இரத்தம் ஊறிய பாயைக் கண்டதும் முகம் மாறி இறங்கிவிட்டான். அதிகாரியிடம் ஓடிப்போய்ப் பேசினான். தடுப்பை அவனே தூக்கினான். எல்லாமாக ஐந்தாறு நிமிஷம்.

அந்த ஐந்தாறு நிமிஷத்தில் இராஜம் ஈரத்துணியை எடுத்துவிட்டாள். பச்சைப் பிள்ளையின் வயிற்றில் சில்லென்று ஒரு துணி கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முந்தானையால் கொடியை நுனிவரை ஒற்றித் துடைத்து, காற்றுப் படும்படி விட்டாள். சுமித்ரா திரும்பி ஏறி ஷாமிளாவின் நாடியைப் பிடித்தாள். நாடி தளர்ந்திருந்தது. அவளுடைய வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே மிச்ச வழியும் போனாள். பிள்ளையின் பக்கம் அவள் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில்தான். கொடியின் நுனி சுருங்கிக் கறுத்திருந்தது.

இராஜம் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது அவளுக்கு விளங்கியது. என்னவென்று விளங்கவில்லை.

"தொடச்சுத்தான் விட்டேன் மிஸி. குளுருதேன்னு."

சொல்லாமல் விட்டவள் தான்தான் என்பது சுமித்ராவின் நெஞ்சில் தைத்தது. பீலிக்கரையில், லயத்தில், லொறியில், எத்தனை தடவை வாய் திறந்திருக்கலாம். இந்தப் பொம்பிளைக்கு ஒரு வார்த்தை, இதுவழியாகத்தான் மருந்து போகவேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவள் உயிரைக் கொடுத்தாவது அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அன்று ஒரு சின்ன டாக்டர். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தாதி ஒருத்தியை ஷாமிளாவிடம் விட்டுவிட்டு அவரே பிள்ளையிடம் வந்தார். விளக்கைக் கிட்ட இழுத்துக் கையில் ஊசி போட்டுப் பார்த்தார். காலில், பிறகு தலையில். ஊசி உள்ளே போனது, இரத்தம் வரவில்லை. அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கியது. பிள்ளை முனகுவதையும் நிறுத்தியிருந்தது.

சுமித்ரா பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் விரித்தாள். மூன்று வட்டங்கள். சேர், கொடி நீளமாக இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள்.

அவர் படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். படிக்கும்போது ஒரு தடவை பார்த்திருக்கிறேன், செய்ததில்லை என்றார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அதனாலேயே சுமித்ராவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. மூக்குவழி பால் கொடுக்கும் மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, அதில் சேலைன் நிரப்பினார். கொடியின் அடியில் நாடாவைச் சுற்றித் தளர்வாகக் கட்டினார். இராஜம் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவளை வெளியே போகச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. சுமித்ரா கொடியை நேராக நிமிர்த்திப் பிடித்தாள்.

காய்ந்த நுனியை டாக்டர் வெட்டினார். மூன்று வாய்களும் தெரிந்தன. படத்தில் இருந்தபடியே இரண்டு சின்னது, ஒன்று பெரியது. பெரியதில் குழாயை வைத்தார். கொஞ்சம் போய் நின்றுவிட்டது. எடுத்து மறுபடியும் வைத்தார். அதே இடத்தில் நின்றது. தப்பான வாயோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் கீழே, தோலை ஒட்டி வெட்டிப் பார்க்கிறேன் என்று கத்தியை எடுத்தார். தோலை ஒட்டி வெட்டினால் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. மறுபடியும் அந்த ஒரு விரற்கடை. வேண்டாம் என்று சொல்ல சுமித்ராவுக்கு வாய் எழவில்லை, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

கால்மாட்டில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இராஜம் தணிந்த குரலில் சொன்னாள்.

"வெட்டச் சொல்லாதீங்க மிஸி. வாயில ஒட்டுப்பால் புடிச்சிருக்கு. அத உரிக்காம எப்பிடி ஓடும்?"

பால் வெட்டுகிறவர்கள் விடிந்ததும் செய்யும் முதல் வேலை அதுதான். முந்தின நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலை நகத்தால் கிளப்பி, நூலாக உரித்துக் கூடையில் போடுவார்கள். அதை எடுத்த பிறகுதான் கத்தி. இராஜம் தினமும் முன்னூறு மரத்தில் அதைச் செய்கிறவள்.

சுமித்ரா சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் நிமிர்ந்து இராஜத்தைப் பார்த்தார்.

"ஒட்டபாலு?" என்றார்.

அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான். கத்தியைக் கீழே வைத்தார். நுனி மெலிந்த இடுக்கியை எடுத்து அந்தப் பெரிய வாய்க்குள் கொஞ்சம் விட்டு, பிடித்து, மெதுவாக இழுத்தார். கறுப்பாக, உறைந்த இரத்தத்தின் இழை ஒன்று வந்தது. அரை விரல் நீளம் இருக்கும். அறுந்துவிடாமல் முழுசாக வந்தது. அதன் பின்னாலேயே கறுஞ்சிவப்பாக இரத்தம் ஊறி மேலே எழுந்தது.

குழாயை வைத்தார். அது தானாகவே போவதுபோல் உள்ளே போனது. பின்னுக்கு இழுத்துப் பார்த்தபோது இரத்தம் வந்தது. சேலைனைச் சின்ன ஊசிக்குழலில் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். ஒரு குழல். இரண்டாவது குழல். இராஜம் பிடித்திருந்த கால்களைச் சேலையில் பொத்தி ஊதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது குழல் முடியும்போது அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"காலு சுடுதுங்க," என்றாள்.

சுமித்ரா தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை, இளஞ்சூடு. உதட்டில் லேசாக நிறம் ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை முகத்தைச் சுருக்கி, கோபம் வந்ததுபோல அழுதது. டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கேகாலைப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் இறப்பர் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகுமுன் ஒட்டபாலு உரிப்பது என் வேலை, இன்றைக்கு மறந்துபோனேன் என்று இராஜத்திடம் சிங்களத்தில் சொன்னார். இராஜமும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். இத்தனை மெதுவாகக் கை ஓடினால் எங்கள் கங்காணி உங்களுக்கு அரைப் பேர், அரைநாள் கூலிதான் போடுவார் என்றாள். அந்த அறையில் முதல் தடவையாக ஒரு சிரிப்புக் கேட்டது.

மத்தியானம் அம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே இருவருக்கும் இரத்தம் ஏற்றினார்கள். பதினெட்டாம் நாள் ஷாமிளா பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பி வந்தாள்.

அதற்குள் பீலிக்கரையில் கதை பல சுற்று வளர்ந்திருந்தது. டாக்டருக்கே பால் வெட்டக் கற்றுக்கொடுத்தவள் தான்தான் என்று இராஜம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளிடம் நாலு விரலை நீட்டிக் காட்டி, மிஸி மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள் என்று கட்டளையும் போட்டாள். துணியைத் தான் எடுத்துவிட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. சுமித்ராவும் சொல்லவில்லை. ஆனால் மூத்த பிள்ளையின் விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது சுமித்ராவுக்கு இப்போது பழைய மாதிரி எளிதாக இருக்கவில்லை. ஒரு மௌனத்தின் விலையை அவள் லொறியில் பார்த்துவிட்டாள்.

ஷாமிளா வந்த மறுநாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. சுமித்ரா காம்பராவுக்குப் போனாள். பிள்ளையின் தொப்புளைப் பார்த்தாள். கொடி விழுந்து, இடம் சுத்தமாக ஆறியிருந்தது. துருத்தவில்லை. எடை பார்த்தாள். பிறகு வழக்கம்போல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளேன்டீ வந்தது. ஆறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஷாமிளா, மூத்தவனுக்கு நான் ஒரு வெரக்கடைதான் விட்டேன்."

ஷாமிளா பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் இராஜம் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாளிச் சத்தம் நின்றது.

சுமித்ரா எல்லாவற்றையும் சொன்னாள். நூல் முடிச்சை, அதை அவிழ்க்கப் போன நேரத்தை, டாக்டர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை. ஒட்ட வெட்டச் சொன்னது யார் என்பதை அவள் சொல்லவில்லை. வெட்டியது தன்னுடைய கை.

"நீட்டமா விட்டிருந்தா பொழைச்சிருப்பானா?" என்று ஷாமிளா கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத்தான் சுமித்ரா இரண்டு வருஷமாகப் பயந்திருந்தாள்.

"பொழைச்சிருக்கலாம். உறுதியா சொல்ல எனக்குத் தெரியல. ஆனா டாக்டர் புடிக்கிறதுக்கு ஒண்ணு இருந்திருக்கும்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இராஜம் வாசலிலேயே குந்தியிருந்தாள், கழுவிய வாளியைக் கவிழ்க்க மறந்து. தண்ணீர் அதில் சொட்டிச் சொட்டி ஏறியது. ஷாமிளாவின் கண்கள் நிறைந்து, வழியாமல் அப்படியே நின்றன. எழுந்து போய்விடு என்று அவள் சொன்னால் போய்விடவேண்டும் என்று சுமித்ரா காத்திருந்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. பிள்ளை சிணுங்கியது. ஷாமிளா அதை மார்பில் போட்டுத் தட்டினாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளைய கொஞ்சம் புடிங்க மிஸி. தலை வாரி ரெண்டு நாளாச்சு."

பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு, ஷாமிளா சுவரில் செருகியிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். சிக்கெடுக்க நேரமானது. அவள் அவசரப்படவில்லை. சுமித்ராவின் மடியில் பிள்ளை கனமாக, சூடாக, மூச்சு ஏறி இறங்கத் தூங்கிப்போயிருந்தது.